மீட்டருக்குள் ஈரம்: எதை அடைக்கலாம், எதை அடைக்கவே கூடாது

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எந்த டூவீலர் மெக்கானிக் கடையிலும் இந்தக் குரல் கேட்கும்: "அண்ணே, மீட்டர்ல தண்ணி பூந்துடுச்சு." அதற்கு அடுத்த பேச்சு பெரும்பாலும் இதுதான்: "சுத்தி சிலிகான் அடிச்சு மொத்தமா அடைச்சுடலாமா?"

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு மழைக்காலத்தைத் தாண்டியிருக்க வேண்டிய பல நல்ல மீட்டர்கள் அந்த சிலிகான் பசையால்தான் செத்துப்போகின்றன. தண்ணீர் நுழையும் வழி வேறு, காற்று வந்துபோகும் வழி வேறு. முதலாவதை அடைக்க வேண்டும். இரண்டாவதைத் தொடவே கூடாது. எது எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

மீட்டர் காற்றுப் புகாத டப்பா இல்லை. வெயிலில் நிற்கும் வண்டியின் மீட்டர் எளிதாக 60 டிகிரிக்குச் சூடாகும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். திடீரென்று மழை அடித்து 28 டிகிரிக்கு இறங்கினால் உள்காற்று பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து ஏதாவது உள்ளே போயே ஆக வேண்டும். அதற்காகத்தான் மீட்டரின் பின்பக்கம் கீழ்நோக்கி ஒரு சின்னத் துளையோ குட்டிக் குழாயோ இருக்கும். சில மாடல்களில் அதன் மேல் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டப் படலம் ஒட்டியிருக்கும். காற்றை விடும், தண்ணீர்த் துளியை விடாது. இந்தத் துளையை அடைத்தால் உறிஞ்சும் வேகம் முழுவதும் கண்ணாடி விளிம்பு, பட்டன் ரப்பர் மீது விழும். அங்கே தேங்கியிருக்கும் மழைத்தண்ணீரை மீட்டரே இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழி இருக்காது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உப்பு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் விரைவுச் சாலை என்று கடலோரமாக ஓடும் வண்டிகளில் உப்புத் தூசி படியாத இடமே கிடையாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே தானாகக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். சென்னையில் இரவும் விடியற்காலையும் பல நாள் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கின்றன. ஆகவே உப்பு ஏறிய கப்ளர், அதாவது ஒயர்களை மீட்டரோடு இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு, மழையே இல்லாவிட்டாலும் தினமும் நனைகிறது.

சரி, இனி அறிகுறிகள். அதற்கு முன்னால் ஒரு துணியால் கண்ணாடியை வெளியே துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் வெளிப்பனி, அதோடு விஷயம் முடிந்தது. போகவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

காலையிலோ மழைக்குப் பிறகோ மெல்லிய பனி, ஓட்டினால் மறைந்துவிடுகிறது

இது பழுது இல்லை. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் ஈரம் படியும். மழை மீட்டர் கண்ணாடியை அந்த அளவுக்குச் சுலபமாகக் குளிர வைக்கும். ஜில் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிறதே, அதேதான் இங்கே உள்பக்கம் நடக்கிறது. அரை மணி, ஒரு மணி நேரம் ஓட்டினாலோ வெயில் பட்டாலோ போய்விட வேண்டும். போய்விட்டால் கழற்றாதீர்கள். இந்த நிலையில் கழற்றி மாட்டினால், அதுவரை ஒழுங்காக உட்கார்ந்திருந்த ரப்பர் பீடிங் (விளிம்பை அடைக்கும் ரப்பர் பட்டை) இடம் மாறி உண்மையான ஒழுக்கு ஆரம்பிக்கும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். டார்ச் அடித்து அந்தச் சின்னத் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சேறு, பாலிஷ் மெழுகு, சிலந்திக் கூடு ஏதாவது அடைத்திருந்தால் மென்மையான பிரஷ்ஷால் துடைத்து எடுங்கள். ஊசி விட்டுக் குத்தாதீர்கள், படலம் இருந்தால் கிழிந்துவிடும்.

இரவில் மீட்டர் மேல் பாலிதீன் கவரை இறுக்கிக் கட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கவருக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் கீழே திறந்திருக்கும்படி தளர்வாகப் போடுங்கள்.

முத்து முத்தாகத் துளி, அல்லது அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது

இங்கே கணக்கு மாறுகிறது. ஒரு மீட்டருக்குள் அரை லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் காற்றில் அந்த அரை லிட்டருக்குள் இருக்கும் மொத்த ஈரமே சுமார் 12 மில்லிகிராம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மில்லிகிராம். அதாவது உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் பிழிந்தாலும் கால் சொட்டுதான் வரும். அது கண்ணாடியில் பனியாகப் படரலாம், வழிந்து ஓட முடியாது. வழிந்து ஓடினால் தண்ணீர் தண்ணீராகவே எங்கேயோ நுழைந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் காயவைத்து மட்டும் மாட்டினால் அடுத்த மழையில் மறுபடியும் இதே கதைதான்.

முதலில் டிரிப் பட்டனைப் பாருங்கள், டிரிப் கிலோமீட்டரைப் பூஜ்யமாக்க அமுக்குவோமே, அதுதான். பெரும்பாலான பழைய வண்டிகளில் நான் முதலில் விரல் வைப்பது அங்கேதான். பட்டனைச் சுற்றி ஒரு ரப்பர் தொப்பி இருக்கும். இரண்டு விரலால் லேசாகக் கிள்ளி விரித்துப் பாருங்கள். மேலே பார்க்க நன்றாகவே இருக்கும். கிள்ளியதும் மடிப்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு திறக்கும். வெயிலில் நின்று நின்று ரப்பர் பட்டுப்போனதன் அடையாளம் அது. ஒவ்வொரு தடவை பட்டனை அமுக்கும்போதும் அந்த வெடிப்பு வாய் திறந்து மேலே நிற்கும் தண்ணீரை உள்ளே விடும்.

அடுத்து கண்ணாடியும் பின்மூடியும் சேரும் விளிம்பு. கீழே விழுந்த வண்டி என்றால் ஸ்க்ரூ மாட்டும் காதுகளில் விரிசல் இருக்கும், அந்தப் பக்கம் மட்டும் இடைவெளி தெரியும். பல்ப் போடும் பழைய மீட்டர் என்றால் பின்னால் ரப்பர் ஹோல்டர்கள் இருக்கும். பல்ப் மாற்றியபோது ஒன்று சரியாக உட்காராமல் போயிருக்கலாம். கேபிள் ஸ்பீடோமீட்டர் உள்ள வண்டிகளில், அதாவது பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட் போன்றவற்றில், முன்சக்கரத்திலிருந்து கேபிள் உறை வழியாகவே தண்ணீர் மேலே ஏறும். சக்கரப் பக்கத்து ரப்பரும் மீட்டர் பக்கத்து நட்டும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வருடம் புல்லட் தயாரான திருவொற்றியூர்ப் பக்கம் இன்னமும் பழைய புல்லட்டுகள் நிறைய ஓடுகின்றன. அவற்றில் முக்கால்வாசி ஈரம் கேபிள் வழி வந்ததுதான் என்பது என் அனுபவம்.

அப்புறம், மொபைல் சார்ஜருக்காக மீட்டர் ஒயரில் கடித்து இணைப்பு எடுத்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். ஒயர் கற்றை நுழையும் ரப்பரை அந்த வேலையில் பிதுக்கி விட்டிருப்பார்கள்.

எங்கே என்று தெரியவில்லையா? கழற்றிய மீட்டரின் உள்விளிம்பை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் போன பாதையில் காய்ந்த அழுக்குக் கோடு இருக்கும். அந்தக் கோடு தொடங்கும் இடம்தான் நுழைவாயில்.

கழற்றும் முறை பெரும்பாலான வண்டிகளில் ஒன்றுதான். பேட்டரி நெகட்டிவ்வை எடுத்துவிடுங்கள். வைசரை (மீட்டருக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை) கழற்றி, கப்ளரின் பூட்டை அமுக்கி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மீட்டரைத் தாங்கும் நட்டுகளை எடுக்கும்போது கூடவே வரும் ரப்பர் வாஷர்களைப் பத்திரப்படுத்துங்கள். பின்மூடி ஸ்க்ரூ போட்டதாக இருந்தால் திறக்கலாம். கண்ணாடி பசை வைத்து ஒட்டியதாக இருந்தால் வீட்டில் பிளக்கப் பார்க்காதீர்கள். வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னாலேயே, துளிகள் தெளிவாகத் தெரியும்போது தேதியோடு படம் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். மத்தியான வெயிலில் துளி காய்ந்த பிறகு காட்டினால் "ஒன்றும் தெரியவில்லையே" என்று அனுப்பிவிடுவார்கள்.

காயவைப்பதில் பொறுமை வேண்டும். நம் பக்கத்துக் காற்றில் திறந்து வைத்தால் மட்டும் முழுக்கக் காயாது. மூடி இறுகும் பெரிய எவர்சில்வர் சம்படம் ஒன்றில் 100, 200 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு, மீட்டரைத் திறந்தபடி வைத்து மூடி இரண்டு நாள் விடுங்கள். நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாகும். நிறம் மாறினால் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பெரிய பலன் இல்லை, மாவுத் தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையரைக் கிட்டே பிடிக்காதீர்கள். அக்ரிலிக் கண்ணாடி 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். நேர் வெயிலும் வேண்டாம், எல்சிடி திரையின் படலத்துக்கு அது ஆகாது.

மூடும் இடமும் முக்கியம். எந்தக் காற்றில் மூடுகிறீர்களோ அந்தக் காற்றுதான் உள்ளே மாட்டிக்கொள்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து மூடினால் அன்று இரவே பனி தெரியும். ஏசி ஓடும் அறை இருந்தால் அரை மணி நேரம் மீட்டரை அங்கே வைத்துவிட்டு அங்கேயே மூடுங்கள்.

அடைப்பதற்கு, வெடித்த ரப்பரை மாற்றுவதுதான் சரி. டிரிப் பட்டன் ரப்பரும் பீடிங்கும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று ஸ்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விரிசல் உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய கோடாக சிலிகான் வைக்கலாம். ஆனால் டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். 'நியூட்ரல்' என்று போட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகு மூடுங்கள்.

வாட்டர் வாஷ் முடித்த உடனே ஈரம் தெரிகிறது

வெயிலில் சூடாக வந்த வண்டி மேல் உடனே அழுத்தத் தண்ணீர் அடித்ததுதான் காரணம். உள்காற்று சுருங்கும் நேரம் பார்த்து, விளிம்பில் தண்ணீர் வேகமாக மோதுகிறது. தூசியும் தண்ணீரும் தாங்கும் தரத்தைக் காட்டும் ஐபி67 என்ற குறியீடு எழுதியிருந்தாலும், அந்த 7 என்ற எண் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குவதைத்தான் குறிக்கும். வாஷ் கன்னின் வேகத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிழலில் ஆறவிடுங்கள். மீட்டருக்கும் ஹேண்டில் சுவிட்சுகளுக்கும் ஈரத்துணி போதும் என்று வாஷ் செய்யும் தம்பியிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

மழையே இல்லை, ஆனாலும் பனி போகவில்லை, கண்ணாடியில் வெள்ளைத் திட்டு

உள்ளே உப்பு இருக்கிறது. ஒருமுறை உப்புத்தண்ணீர் போய் காய்ந்திருக்கும், அந்த உப்பு இப்போது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்பாக இருப்பதால் வீட்டில் கழுவிய வண்டியிலும் இது வரும். எவ்வளவு காயவைத்தாலும் உப்பை எடுக்காமல் தீராது. திறந்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள். சர்க்யூட் போர்டில் வெள்ளைப் பூச்சு இருந்தால் மென்மையான பிரஷ்ஷில் அதே தண்ணீர், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். எல்சிடி திரையின் மேல் ஆல்கஹால் படக் கூடாது. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் கண்ணாடிக்குக் கிட்டேயே வரக் கூடாது. பிளாஸ்டிக் கண்ணாடி வெளுத்து, நூல் நூலாக வெடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது நினைவிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலும் மண்ணெண்ணெயைத் தேடாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரும் பஞ்சும் போதும்.

எண்களில் ஒரு கால் தெரிகிறது, ஒரு கால் தெரியவில்லை

8 என்பது 6 போலத் தெரியும், ஒரு வரிசையே மங்கும். எல்சிடி கண்ணாடியையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய ரப்பர் பட்டையில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் இப்படி ஆகும். காயவைத்து, பட்டையையும் அது அமரும் தங்கநிறத் தடங்களையும் ஆல்கஹாலில் லேசாகத் துடைத்தால் பல நேரம் உயிர் வந்துவிடும்.

ஆனால் வெயிலில் திரை முழுக்கக் கறுத்து, நிழலில் நிறுத்தியதும் சரியானால் அது ஈரம் இல்லை, வெறும் சூடு. ஓரத்திலிருந்து பழுப்பாகவோ ஊதாவாகவோ திட்டுப் பரவி நிரந்தரமாக நின்றால் மேல்படலம் கெட்டுவிட்டது. அதை எலெக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவர் மாற்றித் தருவார். இரண்டுக்கும் காயவைப்பதால் பயன் இல்லை.

முள் ஆடுகிறது, பெட்ரோல் அளவு காட்டும் கட்டை ஏறி இறங்குகிறது, நியூட்ரல் லைட் தானாக எரிகிறது

கண்ணாடி தெளிவாக இருந்தும் இப்படி நடந்தால் மீட்டரைத் திறக்காதீர்கள், கப்ளரைத் திறங்கள். ஒயர்ப் பக்கத்துக் கப்ளரை வாய் மேலே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோக முனைகள்தான் பின்கள். நல்ல பின்கள் பளிச்சென்று இருக்கும். கெட்ட பின்னின் அடியில் பச்சைப் பொடி, பாசி படிந்த மாதிரி. அந்தப் பச்சை ஒரு பின்னிலிருந்து பக்கத்துப் பின்னுக்குப் பாலம் போட்டிருந்தால் மின்சாரம் அதன் வழியே கசியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத லைட்டுகள் எரிவது அதனால்தான். கான்டாக்ட் கிளீனரை (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயை) பின்களில் மட்டும், கண்ணாடியில் தெறிக்காமல் அடித்து, சின்னப் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் பூட்டுங்கள். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை இதைச் செய்துவிட்டால் நல்லது.

வேகம் மட்டும் பூஜ்யமாக நின்று மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால் சக்கரத்துச் சென்சாரையோ கேபிளையோ பாருங்கள். மீட்டர் மேல் தப்பில்லை.

சாவியை எடுத்த பிறகும் மீட்டர் மினுக்குகிறது, காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

இதற்குக் காத்திருக்க வேண்டாம். போர்டில் ஈரம் ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. பல மீட்டர்களில் கடிகாரத்துக்காக எப்போதும் மின்சாரம் வரும் ஒயர் ஒன்று உண்டு, அதனால் சாவியை எடுத்தாலும் அரிப்பு நிற்காது. பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, மேலே சொன்னபடி திறந்து, துடைத்து, காயவையுங்கள்.

வெள்ளத்தில் மாட்டிய வண்டி

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது இறங்கி மாட்டிய வண்டி, வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் இரவு முழுக்க நின்ற வண்டி எல்லாம் இந்த வகை. மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வராவிட்டாலும் ஹெட்லைட் டூமுக்குள், அதாவது ஹெட்லைட்டின் கூட்டுக்குள், இருக்கும் கப்ளர்கள் நனைந்திருக்கும். "எரியுதான்னு பார்ப்போம்" என்று சாவியைப் போடாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் சேரும் அந்த நொடியில்தான் கப்ளர் பின்கள் கரையத் தொடங்குகின்றன. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் காய்வதற்குள் நல்ல தண்ணீரில் கப்ளர்களை அலசிவிட்டு உலர்த்துங்கள். காய்ந்து இறுகிய சேற்றை எடுப்பது மூன்று மடங்கு வேலை. இன்ஜினைத் தொடுவது தனி விஷயம், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மீட்டரையே மாற்ற வேண்டி வந்தால்

போர்டில் செம்புத் தடங்கள் அறுந்து கறுத்திருந்தால் மாற்றுவதுதான் வழி. புதுப்பேட்டையில் பழைய மீட்டர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது வேறொரு வண்டியின் கிலோமீட்டரைக் காட்டும், அதன் ஈரச் சரித்திரமும் உங்களுக்குத் தெரியாது. வாங்கினால் டிரிப் பட்டன் ரப்பரைக் கிள்ளிப் பார்த்து, கப்ளர் பின்களில் பச்சை இல்லையென்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். கப்ளர் பொருந்துவது மட்டும் போதாது, ஒரே மாடலில் வருடம் மாறினால் ஒயர் வரிசை மாறலாம். புதிய மீட்டர் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய மீட்டர் கடைசியாகக் காட்டிய கிலோமீட்டரைப் படம் எடுத்து, மாற்றிய பில்லிலும் அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் அந்தப் பில்லைக் காட்டலாம்.